நாலு மணிக்குப் படுத்துவிடும் இணையம்: பிங்குடன் இரண்டு வருடம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எங்கள் அலுவலகம். பன்னிரண்டு பேருக்கு ஒரு 4ஜி ரவுட்டர். பின்னேரம் நாலு மணியானால் இணையம் படுத்துவிடும். வங்கிப் பக்கம் திறக்காமல் கணக்குப் பார்க்கும் அக்கா ஆறு மணி வரை காத்திருந்த நாட்கள் உண்டு. காலையில் வேகம் அளந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் பிங்கைப் பாவிக்கத் தொடங்கினேன். ஒரு முகவரிக்குச் சின்னத் தரவுப் பொதி ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது காட்டும். 1983இல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக மைக் மூஸ் எழுதிய கருவி. இப்போது விண்டோஸிலும் கூடவே வருகிறது, காசில்லை. வயரில் இணைத்த என் கணினியில் இரண்டு சாளரம் திறந்தேன். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் சேவையகமான 8.8.8.8க்கும் நாள் முழுக்க ஓட விட்டேன்.

நாலு மணிக்கு ரவுட்டர் வழமைபோல 1, 2 மில்லி செக்கனில் பதில் தந்தது. வெளியே போன பிங் மட்டும் 50இலிருந்து 1800க்கு ஏறியது. சரி, வயரில் பிழையில்லை. 4ஜி கோபுரத்தில் நெரிசலோ என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை அதே நேரம் வந்து பார்த்தேன், 50தான். அப்புறம்தான் பிடிபட்டது. வயல்களுக்குப் போகும் கள உத்தியோகத்தர்கள் நாலு மணிக்குத்தான் திரும்புவார்கள். வைஃபையைக் கண்டதும் அவர்களின் போன்கள் அன்றைய படங்களையெல்லாம் பதிவேற்றத் தொடங்கிவிடும். பதிவேற்றும் வழி நிரம்பினால் பதிவிறக்கமும் தவழும்; "கிடைத்தது" என்று திருப்பி அனுப்பும் சின்னப் பொதிகளும் அதே வரிசையில் நிற்க வேண்டுமே! ஒரு நாள் எல்லோரையும் போனில் வைஃபையை நிறுத்தச் சொன்னேன். உடனே 50.

ரவுட்டரில் போன்களுக்குப் பதிவேற்ற எல்லை வைத்தேன். 4ஜி வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் அதை இடைக்கிடை திருத்த வேண்டியிருக்கிறது. இது உண்மையில் கரைச்சல்தான்.

போன மாசியில் ரவுட்டருக்கான பிங்கே விட்டு விட்டு வந்தது. கூரைக்குள் அணில் கடித்த வயர், மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிங் எந்த இடம் என்று காட்டும், யார் என்று காட்டாது. அதை நாங்கள்தான் தேட வேண்டும். சில சேவையகங்கள் பிங்குக்குப் பதிலே தராது, அதை வைத்து இணைப்புப் போய்விட்டது என்று முடிவெடுக்கக் கூடாது. இருந்தாலும் அந்த இரண்டு சாளரங்களையும் நான் இன்னும் மூடவில்லை. அக்கா நாலரைக்கு வேலையை முடித்துப் புதுக்குடியிருப்பு பஸ்ஸைப் பிடிக்கிறார்.