ஹேவ்லாக்கா, நீலா? அந்தமானில் இரவுகளைப் பங்கிடும் கணக்கு

அந்தமானுக்குப் போவதென்று முடிவெடுத்து விமானச் சீட்டும் வாங்கிய குடும்பம் அடுத்துத் தீர்க்க வேண்டிய கேள்வி, ஹேவ்லாக்கில் எத்தனை இரவு, நீலில் எத்தனை இரவு என்பதுதான். பெரும்பாலோர் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்ப்பதில்லை. பயண ஏற்பாட்டாளர் அனுப்பும் திட்டத்தில் ஹேவ்லாக்குக்கு இரண்டு இரவு, நீலுக்கு ஒரு இரவு என்றிருக்கும். சில திட்டங்களில் நீல் தீவு, ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும் வழியில் மூன்று மணி நேரம் எட்டிப் பார்க்கும் இடமாகச் சுருங்கிப் போயிருக்கும். நான் முதன்முறை அப்படி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, 'நீலில் ஒன்றுமே இல்லை' என்று ஊரில் நாலு பேரிடம் சொன்னவன். இரண்டாம் முறை அங்கே மூன்று இரவு தங்கிவிட்டு வந்த பிறகு, அதே நாலு பேரிடம் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் 'ஸ்வராஜ் துவீப்' என்றும், நீல் 'ஷஹீத் துவீப்' என்றும் பெயர் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. முன்பதிவுத் தளங்களில் புதிய பெயர்களும், ஓட்டுநர்கள் வாயில் பழைய பெயர்களும் வழங்குவதால் இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்த இரண்டு தீவுகளின் பழைய பெயர்கள் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதிகள் இருவருடையவை. அவர்களில் நீல் நமக்கு அந்நியரல்லர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்த அவர் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. சிலை அங்கிருந்து இறங்க 1937 வரை ஆயிற்று. இந்தக் கட்டுரையில் பேச்சுவழக்கிலுள்ள பழைய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

இரண்டு தீவுகளும் ஒரே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இடையே வேகமான ஃபெர்ரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இரண்டிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் வழித்தோன்றல்கள். ஆகவே கடைத்தெருவில் வங்காளமும், வந்தவர்களோடு பேச இந்தியும் புழங்குகின்றன. ஆனால் ஹேவ்லாக் நீலைப் போல ஆறேழு மடங்கு பெரியது. அதன் உட்பகுதியில் பெரும்பங்கு காடு. 2011 கணக்கெடுப்பில் ஹேவ்லாக்கின் மக்கள் தொகை 6,351, நீலின் மக்கள் தொகை 3,040. பரப்பில் அத்தனை வித்தியாசம் இருந்தும் மக்கள் தொகையில் ஒரு மடங்குதான் கூடுதல் என்பதிலிருந்தே, ஹேவ்லாக் காட்டின் நடுவே சில ஊர்களைக் கொண்ட தீவு என்பதும், நீல் ஏறக்குறைய முழுதும் வயலும் தோப்புமான ஒரே கிராமம் என்பதும் விளங்கும்.

ஹேவ்லாக்கின் கடற்கரைகளை எண் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் கிழக்குக் கரையில் உள்ளன; விடுதிகளில் பெரும்பாலானவை அங்கேதான். ஏழாம் எண் மேற்குக் கரையிலுள்ள ராதாநகர். படகுத்துறையிலிருந்து காட்டுக்குள் வளைந்து போகும் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் இதை அடையலாம். ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 'டைம்' இதழ் 2004-இல் பாராட்டியதை எல்லா விளம்பரங்களும் சொல்லும். ஏன் சிறந்தது என்பதை அவை சொல்வதில்லை. அங்கே கரையை ஒட்டிப் பாறையோ பவளத்திட்டோ இல்லை. மாவு போன்ற மணல் மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. இடுப்பளவு நீரில் நின்றாலும் காலடி மணல் தெரியும். முதியவர்களும் சிறுவர்களும் அச்சமின்றிக் கால் நனைக்கத் தக்க கரை என்று இரண்டு தீவுகளிலும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அதற்காக உயிர்காப்போர் வகுத்த எல்லையைத் தாண்டி ஒதுக்குப்புறக் குடாக்களுக்குப் போய்விடக் கூடாது. 2010 ஏப்ரலில் ராதாநகரை ஒட்டிய குடாவில் முக்குளித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை ஒப்புக்கு வைத்ததன்று.

ராதாநகரை ரசிக்க வேண்டுமானால் கடிகாரத்தைப் பற்றிய நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 பாகைக்கும் மேல் தள்ளியிருக்கிறது; நேரமோ அதே இந்திய நேரம். அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். ஐந்தரைக்குக் காட்டுச் சாலை கும்மிருட்டு. பகலுணவை நிதானமாக முடித்து, சிறு தூக்கம் போட்டு, நாலரைக்கு வண்டியை எடுத்தவர்கள் வாகன நிறுத்தத்தை அடையும்போது கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டு மணிக்கே போய்விட வேண்டும். அதைவிட நல்லது காலை ஏழு மணிக்குப் போவது. அந்த நேரத்தில் போனபோது மூன்று நாய்களும் நானும்தான் கரையில் இருந்தோம்.

கிழக்குக் கரை விடுதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'அறைக்கு முன்னே கடல்' என்று அவர்கள் காட்டும் படம் ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி வற்றும் கடல்நீர், ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்தது. பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. ஓதம் வற்றினால் அதே கடல் பல நூறு அடி பின்வாங்கி, கல்லும் இறந்த பவளமும் சேறுமாகக் கிடக்கும் தரையைக் காட்டிவிட்டுப் போய்விடும். நாளின் பாதி நேரம் அங்கே நீந்த முடியாது. மணல் ஈக்கடியும் சேர்ந்தால் கடல் பார்த்த அறைக்குக் கொடுத்த கூடுதல் வாடகை உறுத்தும். கடலைப் பார்க்காத தோட்ட அறை எடுத்து, மிச்சப்படும் பணத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ராதாநகருக்கு இரண்டு தடவை போய் வருவதே என் யோசனை.

கடலுக்கு அடியில் என்று வந்தால் ஹேவ்லாக்கின் பக்கம் தராசு தெளிவாகச் சாய்கிறது. அந்தமானில் ஸ்கூபா தொழில் வேர்விட்டது அங்கேதான். பயிற்றுநர்களும் படகுகளும் நல்ல ஆழ்கடல் தளங்களும் அங்கே மிகுதி. நீந்தத் தெரியாதவர்கூட, பத்து வயது நிரம்பியிருந்தால், பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முக்குளிப்பு போய் வரலாம். ஆனால் அதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கலாகாது. ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். நீலிலும் ஸ்கூபா உண்டு, கூட்டம் குறைவு. கடற்புல் மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு, நீல் கடலில் சிலர் கண்ணில் பட்டிருக்கிறது. அதைக் காட்டுவதாக யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். கரையோரப் பவளத்தைப் பொறுத்தவரை, 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமானெங்கும் பவளம் வெளுத்துப்போன பாதிப்பு பெரிது. விளம்பரப் படங்களின் வண்ணத்தை எதிர்பார்த்து ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரையிலோ நீலின் பரத்பூரில் கண்ணாடித்தரைப் படகிலோ ஏறுபவர்கள் சற்று ஏமாறக்கூடும்; மீன்கள் ஏமாற்றுவதில்லை.

இனி நீல். படகிலிருந்து இறங்கியதும் பாலத்துக்கு இருபுறமும் தெரியும் நீரின் நிறத்தைப் பார்த்தே பலர் வாய் பிளந்துவிடுவார்கள். பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர், சீதாபூர் என்று இராமாயணப் பெயர் கொண்ட குக்கிராமங்கள்; தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிதிவண்டியில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்தமானின் காய்கறிக் களஞ்சியம் இது. சாலையின் இருபுறமும் பந்தலில் பாகலும் புடலும் தொங்க, நடுவே வாழையும் பாக்கும் நிற்கும். சூரியோதயத்துக்குக் கிழக்கே சீதாபூர், அஸ்தமனத்துக்கு மேற்கே லக்ஷ்மண்பூர். மாலை எட்டு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடும். இரவில் ஏதாவது நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு நீல் ஒத்துவராது.

நீலின் சிறப்பு லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையிலுள்ள இயற்கைப் பாலம். பவளப்பாறையை அலை குடைந்து இரண்டு கால்களில் நிற்கும் வளைவாக்கியிருக்கிறது. ஊரார் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். முதன்முறை ஏற்பாட்டாளரின் வண்டி எங்களை அங்கே இறக்கிவிட்டபோது பகல் பதினொன்றரை, ஓதம் ஏறியிருந்தது. பாறை விளிம்பில் அலை மோதியதால் பாலத்தின் அருகே நெருங்க முடியாமல், ஒரு திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இளநீர் குடித்துத் திரும்பினோம். வண்டிக்காரர் மீது குற்றமில்லை. அவருடைய அட்டவணை ஃபெர்ரி நேரத்தைப் பார்த்துப் போட்டது, கடலைப் பார்த்துப் போட்டதன்று.

இரண்டாம் முறை வற்றும் நேரம் பார்த்துப் போனோம். பாலத்தைத் தாண்டியும் நீண்டு கிடந்த பாறைத் தரையில் தட்டு அளவிலிருந்து தொட்டி அளவு வரை நூற்றுக்கணக்கான குழிகளில் நீர் தேங்கியிருந்தது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் குனிந்து ஒரு குழியைக் காட்டினார். முதலில் கல்தான் தெரிந்தது; பிறகு அந்தக் கல்லில் ஓர் ஓரம் ஊதா நிற உதடு போல் விரிந்து, எங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. பாறையில் புதைந்து வாழும் பெருஞ்சிப்பி அது. அடுத்த குழியில் கருநிறக் கடல் அட்டை, அதற்கடுத்ததில் நீலக் கீற்றுப் போன்ற சிறு மீன்கள், வெளியேற வழியின்றி அடுத்த ஓதத்துக்குக் காத்திருந்தன. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. எதையும் கையால் தொடக் கூடாது, பவளத்தை மிதிக்கக் கூடாது. வழுக்காத ரப்பர் செருப்பு கட்டாயம் வேண்டும். சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொள்ள நேரும்.

ஆகவே நீலில் எத்தனை இரவு என்பதைத் தீர்மானிப்பது ஓதம்தான். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அரைகுறையாகவே வற்றும். நாட்காட்டியில் திதியையும், இணையத்தில் ஓத அட்டவணையையும் பார்த்துவிட்டுத் தேதி குறித்தால் ஓர் இரவிலேயே நீல் தன்னைக் காட்டிவிடும். பார்க்காமல் போகிறவருக்கு இரண்டு இரவாவது வேண்டும்.

போக்குவரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். அரசு ஃபெர்ரி போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்பட்டு இரண்டரை மணி நேரம் எடுக்கும்; கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் சேர்க்கும். ஆனால் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்தபடியே போக வேண்டும், குமட்டல் உள்ளவர்களுக்கு அது சோதனை. சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் சாதுவாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெர்ரி நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படை கப்பல் அனுப்பி மீட்க வேண்டியிருந்தது. அந்தத் தாழ்வு மண்டலம்தான் சில நாட்களில் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களைச் சாய்த்தது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை எந்தக் காரணம் கொண்டும் தீவில் வைக்காமல் போர்ட் பிளேரிலேயே வைக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வசதிகளில் ஹேவ்லாக் ஒரு படி மேல். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போடப்பட்ட கடலடிக் கேபிள் ஹேவ்லாக்கைத் தொட்டது. அந்தப் பட்டியலில் நீல் இல்லை. ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் கொண்டுபோவது இரண்டுக்கும் பொருந்தும். இரண்டிலும் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய சிக்கல் என்றால் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும்.

நான்கு இரவு கையிலிருந்தால் நான் பங்கிடுவது இப்படி. ஸ்கூபா ஆசையுள்ள இளைஞர்களுக்கு ஹேவ்லாக்கில் மூன்று, நீலில் ஒன்று. வயதான பெற்றோருடன் போகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவு மாறும் அலைச்சலைத் தவிர்த்து, நான்கையும் ஹேவ்லாக்கிலேயே கழித்து, ராதாநகருக்குக் காலையில் போய் வரலாம். இயற்கைப் பாலத்துக்குப் படியிறங்கிப் பாறையில் நடப்பது அவர்களுக்கு ஏற்றதன்று. எட்டு, பத்து வயதுக் குழந்தைகள் உடன் இருந்தால், எல்லாத் திட்டங்களும் சொல்வதற்கு மாறாக, நீலுக்கு இரண்டு, ஹேவ்லாக்குக்கு இரண்டு. நீலை முதலில் வைத்து, ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் திரும்புவது வசதி, ஏனென்றால் அங்கிருந்து ஃபெர்ரிகள் அதிகம், ஒன்று தவறினாலும் அடுத்ததற்கு வாய்ப்புண்டு. ஏற்பாட்டாளரிடம் இந்த வரிசையைச் சொன்னால் வழக்கமில்லை என்பார். ஓத அட்டவணையை அவருக்கு அனுப்பிவிட்டு ஃபெர்ரி நேரத்தைக் கேளுங்கள்.