மழைக்கால பேக்கேஜ் என்று சொல்லி மீன் குளத்து மோட்டாரைக் கழற்ற வந்தால் விடாதீர்கள்

சென்னையில் வீட்டுத் தோட்டத்தில் கோய் மீன் குளம் வைத்து, அதற்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டுக் குளத்தில் பெரிய மீன்களில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. நோய் எதுவும் இல்லை. பராமரிக்கக் காசு வாங்கியவர்களே ஃபில்டரை நிறுத்தியதால் வந்த சாவு அது.

குளம் 10 அடிக்கு 6 அடி, ஆழம் 3 அடி. ஏறக்குறைய 5,000 லிட்டர் பிடிக்கும். மழை தொடங்கும் சமயத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தார். "சார், குளிர் சீசன் வந்தாச்சு. மீன் இனி சாப்பிடாது. மோட்டார், ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டி சர்வீஸ் பண்ணி பொங்கலுக்கு முன்னாடி மாட்டித் தர்றோம், கரண்ட் பில்லும் மிச்சம்" என்றார். ஒப்பந்தத் தொகைக்கு மேல் இதற்குத் தனியாக 4,500 ரூபாய்.

இந்த ஆலோசனை இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளுக்கு உரியது. அங்கே குளத்து நீர் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது கோய் மீன் தீனி எடுப்பதை நிறுத்திவிடும், கழிவும் குறைந்துவிடும். மேலே பனிக்கட்டி உறையும் என்பதால் சிலர் மோட்டாரை வெளியே எடுத்து வைப்பார்கள். சென்னையில் ஜனவரி இரவுகளிலேயே சராசரியாக 20, 21 டிகிரி இருக்கிறது. இங்கே மீன் வருடம் முழுக்கச் சாப்பிடும், வருடம் முழுக்கக் கழிவு போடும். அதனால் ஃபில்டருக்கு விடுமுறை என்ற பேச்சே இங்கே கிடையாது.

ஃபில்டர் பெட்டிக்குள் உண்மையில் வேலை செய்வது பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தை அது நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும், சில மணி நேரம் ஓட்டம் நின்றாலே சாகத் தொடங்கும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பாஞ்சையும், பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் உருண்டைகளையும் (பயோ பால்) பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, "புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்று கொண்டுவந்தார்கள்.

அதற்குள் குளம் கெட்டுவிட்டது. விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெந்ததுபோல் சிவந்திருந்தது. போன் செய்தால் "கல் உப்பு போடுங்க சார், மழைத் தண்ணி ஒத்துக்கலை" என்றார்கள். மழைத் தண்ணீரில் காரத்தன்மை இல்லாததால் அது பிஎச் அளவை இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அன்று சோதித்தபோது பிஎச் 7.8, இறங்கவே இல்லை. அம்மோனியா சோதனையில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, அதாவது அம்மோனியா எக்கச்சக்கம். காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் மற்ற திருட்டும் வெளியே வந்தது. மாட்டிக் கொடுத்த மோட்டார் எங்களுடையதே இல்லை. எங்களுடையது மணிக்கு 6,000 லிட்டர் இறைக்கும். இதில் லேபிளைச் சுரண்டிவிட்டு, வயரை நடுவில் இணைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் வயரில் டேப் ஒட்டு! மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் குளத்தில் கை வைத்தவர் கதி என்ன? இழுவையும் குறைவு: மோட்டார் ஏற்றும் தண்ணீர் குளத்தில் விழும் அருவி முன்பு பலகைபோல் விழுந்தது, இப்போது கல்லை ஒட்டி வழிந்தது.

பாசியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கிலும் இதே கதைதான். புது ட்யூப் என்று பில் போட்டிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் போன வருடம் மாட்டியபோது நான் மார்க்கரில் எழுதிய தேதி அப்படியே இருக்கிறது, இரண்டு முனைகளும் கறுத்திருக்கின்றன. இந்த ட்யூப் ஒரு வருடம் போல ஓடியதும் பாசியைக் கொல்லும் வீரியத்தை இழந்துவிடும், ஆனால் நீல வெளிச்சம் தொடர்ந்து எரியும். வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ட்யூபை நேராகப் பார்ப்பது கண்ணுக்கும் கெடுதல். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

மிஞ்சிய மீன்களைக் காப்பாற்ற உதவியவர் கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கும் ஒருவர். தீனியை உடனே நிறுத்தச் சொன்னார். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினோம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும் என்பதால் முதலில் சோடியம் தயோசல்பேட் கலந்தோம். தன் குளத்து ஃபில்டரிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்சு ஒன்றை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார், அதிலிருந்த பாக்டீரியாதான் எங்கள் பெட்டியில் மறுபடி பரவியது. புதிதாக உருவாக விட்டிருந்தால் நாலு முதல் ஆறு வாரம் ஆகியிருக்கும்.

கரண்ட் பில் என்று பயமுறுத்துவார்கள். 40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்தான். மழைக்காலத்தில் செய்ய வேண்டியது வேறு: மொட்டைமாடித் தண்ணீர் குளத்தில் விழாமல் திருப்பிவிடுங்கள், மோட்டார் வாயில் அடைக்கும் இலைகளை அடிக்கடி எடுங்கள், புயல் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருங்கள். பல மணி நேரம் கரண்ட் போய் வந்தால், ஃபில்டர் பெட்டியில் தேங்கி நாறும் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் பிறகு மோட்டாரைப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சூடேறிய தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடிக்கும், இரவில் பாசியும் செடியும்கூட அதை இழுத்துக்கொள்ளும். அதனால் கோடையில் இரவில் அருவியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சர்வீஸ் எதுவானாலும் வீட்டிலேயே, உங்கள் கண் எதிரே நடக்கட்டும். ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசச் சொல்லுங்கள். மோட்டார் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள், கழற்றிய பழைய ட்யூபைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. பில், போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.