வங்கதேசத்துக்கு ஒரு சலுகை, இலங்கைக்கு இன்னொன்று

இரண்டு நாடுகளும் ஐரோப்பாவுக்கு ஆடை தைத்து அனுப்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தரும் வரிச்சலுகை மட்டும் ஒன்றல்ல.

வங்கதேசம் 'மிகவும் பின்தங்கிய நாடுகள்' பட்டியலில் இருப்பதால், 2001-இல் வந்த திட்டப்படி ஆயுதம் தவிர எதையும் வரியின்றி அனுப்பலாம். இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ், அதாவது வளரும் நாடுகளுக்கு நிபந்தனையோடு தரும் வரிச்சலுகை. அதிலும் ஆடைக்கு வரி இல்லை. ஆனால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் என்று 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். 2010-இல் மனித உரிமைக் காரணத்தால் இலங்கை அதை இழந்தது. 2017-இல்தான் திரும்பக் கிடைத்தது. (முதல் திட்டமும் கேள்வி கேட்காமல் தருவதில்லை. அதில் இருந்த கம்போடியா, மனித உரிமைக் காரணத்தால் 2020-இல் சலுகையில் ஒரு பகுதியை இழந்தது.)

சரி, உண்மையான வித்தியாசம் துணியில் இருக்கிறது. 2011 முதல் வங்கதேசம் சீனத் துணியை வாங்கித் தைத்து அனுப்பினாலும் சலுகை உண்டு. ஜிஎஸ்பி பிளஸில் பொதுவாகத் துணியையும் உள்ளூரிலேயே நெய்திருக்க வேண்டும். துணியை இறக்குமதி செய்தே தைக்கும் இலங்கைக்கு இது பெரும் இடி. சலுகை கையில் இருந்தும், ஆடைகளில் ஒரு பகுதி வரி கட்டித்தான் போகிறது.

உரிமை நிபந்தனைகளை நான் குறை சொல்ல மாட்டேன். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவை பாதுகாப்பு. துணி விதிதான் அநியாயம். பின்தங்கிய நாடுகள் பட்டியலைவிட்டு வெளியேறி, மூன்றாண்டு அவகாசமும் முடிந்தபின் வங்கதேசமும் இதே விதியில்தான் வந்து நிற்கும்.