பேஸ்பாலும் அமெரிக்க ஃபுட்பாலும்: ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகனின் கணக்கு

சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருந்தால் ஆண்டு முழுவதற்கும் ஆட்டம் உண்டு. வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் வரை பேஸ்பால் அணியான ஜயன்ட்ஸ், செப்டம்பரில் தொடங்கிக் குளிர்காலம் வரை ஃபுட்பால் அணியான ஃபோர்ட்டிநைனர்ஸ். நான் இரண்டு அணிகளுக்கும் ரசிகன். ஆனாலும் இரண்டு ஆட்டங்களும் எனக்கு ஒன்றல்ல. லீக்கை நடத்தும் விதத்தில் ஃபுட்பால்காரர்கள் பல படி மேலே இருக்கிறார்கள். ஆட்டம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பேஸ்பாலை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம் கடிகாரம். ஃபுட்பாலில் 60 நிமிடம் ஓடி முடிந்தால் ஆட்டம் முடிந்தது. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்திருந்து, எதிரணியிடம் டைம்அவுட்டும் மிச்சமில்லை என்றால், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி அப்படியே முட்டி போடுவார். மறுபடி வாங்குவார், மறுபடி முட்டி போடுவார். கடிகாரம் ஓடித் தீர்ந்துவிடும். எதிரணி 11 பேரும் நின்று பார்க்க வேண்டியதுதான். விதிப்படி அது சரி, புத்திசாலித்தனமும்கூட. ஆனால் ஜெயிக்கிறவர்கள் ஆடாமலே ஜெயிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

பேஸ்பாலில் இந்த வழியே கிடையாது. இன்னிங்ஸுக்கு மூன்று என்று ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணியின் 27 அவுட்டையும் எடுத்தாக வேண்டும். பத்து ரன் முன்னால் இருந்தாலும் பந்தெறியும் பிட்சர் கடைசி பேட்டருக்கு அடிக்கக்கூடிய இடத்தில் பந்தை எறிந்துதான் ஆக வேண்டும். பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2014-இன் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் எதிரணியின் ஊரான கன்சாஸ் சிட்டி. ஜயன்ட்ஸ் 3-2 என்று முன்னிலை. ஐந்தாவது ஆட்டத்தில் முழு ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்த மேடிசன் பம்கார்னர், இரண்டே நாள் ஓய்வில் திரும்பி வந்து ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு எதிரணியின் அலெக்ஸ் கோர்டன் அடித்த பந்து வெளிக்களத்தில் தவறிப்போக, அவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிட்டார். சமன் செய்யும் ரன் 90 அடி தூரத்தில் நிற்கிறது. நேரத்தைக் கடத்தவோ பந்தை ஒளித்துவைக்கவோ வழியில்லை. எறிந்தே ஆக வேண்டும். சால்வடோர் பெரெஸ் தூக்கியடித்த பந்து ஜயன்ட்ஸின் பாப்லோ சான்டோவாலின் கையில் விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிட்சர் குறித்த நொடிகளுக்குள் எறிய வேண்டும் என்று 2023-இல் கொண்டுவந்த பிட்ச் கடிகாரம் இதைக் கெடுத்துவிடும் என்று பலர் பயந்தார்கள். கெடுக்கவில்லை. அது இரண்டு பந்துகளுக்கு நடுவே நடக்கும் இழுத்தடிப்பைத்தான் குறைத்தது. 2022-இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஆன ஆட்டம், அடுத்த ஆண்டே சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தது. அவுட் கணக்கை அது தொடவே இல்லை.

அதே கடிகாரம்தான் ஃபுட்பாலின் அழகுக்கும் காரணம் என்பதை மறுக்க முடியாது. 1982 ஜனவரி 10, டல்லாஸுக்கு எதிரான ஆட்டம். ஆறு புள்ளி பின்தங்கிய நிலையில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஃபோர்ட்டிநைனர்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா தன் பக்கத்து 11 கஜக் கோட்டிலிருந்து புறப்பட்டு, 51 விநாடி மிச்சம் வைத்து டுவைட் கிளார்க்குக்கு எறிந்த டச்டவுன், அதாவது எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடிக்கப்பட்டுப் புள்ளி தந்த பந்து, இந்த ஊரில் இன்றைக்கும் பேசப்படுகிறது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் பில் வால்ஷ். குறுகிய தூரப் பந்துகளை அடிக்கணக்கில் அளந்து, யார் எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று வகுத்த மூளை அவருடையது. 11 பேர் ஒரே கணத்தில் ஒரே திட்டத்தை நிறைவேற்றும் அந்த நுட்பம் பேஸ்பாலில் இல்லை. இந்த இடத்தில் ஃபுட்பாலுக்கே என் ஓட்டு.

ஆனால் அந்த 11 பேரில் ஒருவர் மட்டும் ரொம்பப் பெரியவராகிவிடுகிறார். நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் கவலையில்லை. கிடைக்காவிட்டால் அணியின் மற்ற 52 பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் போதாது. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் பத்து முறை ஆடி ஏழில் வென்றார். பேட்ரிக் மஹோம்ஸ் முப்பது வயது ஆவதற்குள் ஐந்து ஆடி மூன்றில் வென்றார். அந்த மூன்றில் இரண்டு எங்கள் ஃபோர்ட்டிநைனர்ஸைத் தோற்கடித்து வாங்கியவை. எங்களுக்குக் கடைசியாகக் கோப்பை கிடைத்தது 1995 ஜனவரியில்.

பேஸ்பாலில் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் ஒன்பது பேருக்கு ஒரு முறைதான் மட்டை கைக்கு வரும். மைக் ட்ரவுட் எம்விபி என்னும் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியவர். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் 2014-இல் ஆடிய மூன்றே ஆட்டங்கள்தான் அவர் கணக்கில் இருக்கின்றன, மூன்றும் தோல்வி. ஷோஹெய் ஓட்டானி ஏஞ்சல்ஸ் அணியில் ஆறு வருடம் எறிந்தும் அடித்தும் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. இது அநியாயம் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கீழ்வரிசையில் வரும், யாரும் பெயர் தெரியாத பேட்டர்தான் பல இரவுகளில் ஆட்டத்தை முடித்துவைக்கிறார்.

இனி லீக் விஷயம். இங்கே 1994-ஐப் பேசாமல் இருக்க முடியாது. அந்த வருடம் ஃபுட்பால் லீக்கில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு அமலுக்கு வந்தது. அதே வருடம் பேஸ்பாலில் உரிமையாளர்கள் அதையே கேட்க, ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. 74 வெற்றி, 40 தோல்வி என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கவே இல்லை; பத்து வருடத்தில் அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. மான்ட்ரியல்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ஃபுட்பாலில் தேசியத் தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அதனால்தான் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊரின் அணி, தனி முதலாளி இல்லாமல் பங்குதாரர்களான ரசிகர்களுக்கே சொந்தமாக இருந்துகொண்டு, நியூயார்க்கோடு சரிசமமாக மோத முடிகிறது. பேஸ்பாலில் உள்ளூர்த் தொலைக்காட்சி வருமானத்தின் பெரும்பகுதி அந்தந்த அணிக்கே போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் ஓட்டானியை பத்து வருடத்துக்கு 70 கோடி டாலருக்கு எடுத்தது. அதில் 68 கோடியைப் பிற்காலத்தில் தருவதாக ஏற்பாடு. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்கே.

இத்தனை ஏற்றத்தாழ்வுக்கு நடுவிலும், 2000-இல் யாங்கீஸ் தொடர்ந்து மூன்றாவது முறை வென்றதற்குப் பிறகு, 2025-இல் டாட்ஜர்ஸ் செய்துகாட்டும் வரை பேஸ்பாலில் எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. ஃபுட்பாலில் பணத்தைச் சமமாக்கியும் பிரேடியின் பேட்ரியட்ஸும் மஹோம்ஸின் சீஃப்ஸும் மாறி மாறி ஆண்டார்கள். பேஸ்பால் பிளேஆஃபில் அதிர்ஷ்டத்தின் பங்கு அவ்வளவு பெரியது. 2021-இல் ஜயன்ட்ஸ் 107 ஆட்டம் வென்றது. பிளேஆஃபில் டாட்ஜர்ஸிடம் கடைசியான ஐந்தாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்றது. கடைசி பேட்டர் மட்டையைப் பாதியில் நிறுத்தினார் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்; அம்பயர் மட்டை வீசியதாக ஸ்ட்ரைக் கொடுத்து அவுட் ஆக்கினார். 162 ஆட்டத்து உழைப்பு அந்த ஒரு தீர்ப்போடு முடிந்தது.

அப்புறம், உடம்பு. நான் ஃபுட்பாலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதற்கு உண்மையான காரணம் இதுதான். பிட்ஸ்பர்க்கில் முன்னாள் ஃபுட்பால் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை 2002-இல் டாக்டர் பென்னட் ஒமாலு ஆராய்ந்ததிலிருந்து இந்தப் பேச்சு தொடங்கியது. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்த 111 முன்னாள் என்எஃப்எல் (ஃபுட்பால் லீக்) ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்னும் சிதைவு இருந்தது. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஒரு பெரிய மோதலுக்குக் கைதட்ட எனக்குக் கை வருவதில்லை. 1982-இல் அந்தப் பந்தைப் பிடித்த டுவைட் கிளார்க்கும் 2018-இல் தசைகளைச் செயலிழக்கவைக்கும் ஏஎல்எஸ் நோயால் இறந்தார். ஃபுட்பால்தான் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. பேஸ்பாலிலும் பிட்சர்களின் முழங்கை போகிறது, வருடம் முழுக்க அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. ஆனால் முழங்கையை இழப்பதும் நினைவை இழப்பதும் ஒன்றாகிவிடாது.

அன்றாட வசதியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பேஸ்பாலில் சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டம். செவ்வாய்க்கிழமை இரவில் மலிவாகவே டிக்கெட் கிடைக்கும். காரில் ரேடியோ வைத்தாலும் முழு ஆட்டமும் கண்முன் விரியும். ஃபுட்பாலுக்குத் தொலைக்காட்சியே சிறந்த இருக்கை.

பேஸ்பாலில் ஆட்டக்காரர்களுக்கும் உரிமையாளர்களுக்குமான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. உரிமையாளர்கள் பக்கத்திலிருந்து உச்சவரம்புப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. ஒரு ரசிகனாக நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஃபுட்பாலிடம் கடன் வாங்குவதென்றால் முழுதாக வாங்க வேண்டும்: உள்ளூர்த் தொலைக்காட்சிப் பணத்தையும் பொதுவில் போட வேண்டும், சம்பளத்துக்குக் கீழ்வரம்பும் வேண்டும், அணிகளின் கணக்குப் புத்தகங்களை ஆட்டக்காரர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். உச்சவரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், ஆட்டக்காரர்கள் மறுப்பதில் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன், ஒரு சீசன் போனாலும் சரி.