போட்டிக்கு ஆறு, கண்காட்சிக்கு ஒன்பது

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்காரரும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்துக்காரரும் சேர்ந்து சிறுவர், இளையோர் ஓவியப் போட்டி ஒன்று வைத்தார்கள். அதற்கு என் மருமகளை, சகோதரியின் மகளை, கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கிழமை கழித்து அந்தப் படங்களை வைத்து நடந்த மூன்று நாள் கண்காட்சிக்கும் போனேன், ஒரு நாள் இல்லை, மூன்று நாளும். அடுத்த வருடமும் வைப்பார்கள் என்று கதை. அனுப்பலாமா, பிரயோசனமா, காசுக்குப் பெறுமதியா என்று இதற்குள் ஏழெட்டுத் தாய் தகப்பன்மார் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தொண்டை போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் ஓவியம் படித்தவன் இல்லை. 17 வருடம் கடைகளுக்கு போர்ட் எழுதினேன், எனாமலும் தின்னரும் தூரிகையுமாக. இப்போது பிளெக்ஸ் அடிக்கிறேன். அதனால் அழகியல் பற்றி நான் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஆனால் கடதாசி, மை, வெயில் மூன்றும் ஒன்றுக்கொன்று என்ன செய்யும் என்பதில் என் பேச்சை நம்பலாம்.

முதலில் போட்டி நாள். பதிவுக் காசு 300 ரூபா. அதற்குள் கடதாசி, ஒரு ரோல்ஸ், ஒரு பால் பக்கெட், எல்லோருக்கும் சான்றிதழ். இதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயதுப் பிரிவு மூன்று: 10 வயது வரை, 11 முதல் 15, 16 முதல் 20. சின்னதுகளுக்கு விரும்பிய தலைப்பு, மற்றவர்களுக்கு அந்த இடத்தில் தருவார்கள். காலை 9 மணி என்று போட்டிருந்தார்கள். 9 மணிக்குப் போனால் மண்டபம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பென்சிலைத் தொட 10.20 ஆனது. எங்கள் ஊரில் இது தாமதம் என்றே கணக்கில் வராது, விடுவோம்.

கணக்கில் வரவேண்டியது காற்று. மண்டபம் மூன்று பக்கமும் அரைச்சுவர், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பெயர்ந்த நேரம், பத்து மணிக்குப் பிறகு புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்பது ஊரில் நாய்க்கும் தெரியும். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளை நிலத்தில் பாயில் இருத்திக் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இடக்கையால் தாளை அமத்திக்கொண்டு வலக்கையால் கீறினார்கள். கொஞ்சப் பேர் வெளியே ஓடிப்போய்க் கல் பொறுக்கினார்கள். என் மருமகள் செருப்பைக் கழற்றி இரண்டு மூலைக்கு வைத்தாள். பக்கத்தில் இருந்த பெடியனின் தண்ணீர்க் கோப்பை சரிந்து முன்னுக்கிருந்த பிள்ளையின் பாவாடை நனைந்து அது ஒரு அழுகை. ஆளுக்கொரு கிளிப் போர்ட் கொண்டுவரச் சொல்லியிருந்தால் கதை முடிந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரிடமும் அது இருக்கிறது.

கடதாசி அதைவிட மோசம். ஏ3 அளவு, சரி, ஆனால் தொட்ட உடனே தெரிந்தது, 120 ஜிஎஸ்எம் தாண்டாது (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு). பஸ்ரலுக்கும் கலர் பென்சிலுக்கும் அது போதும். தண்ணீர் வர்ணம் பூசினால் அந்தத் தாள் அப்பளம் மாதிரி வளைந்து எழும்பும், நடுவில் குளம் கட்டும், காய்ந்த பிறகு விளிம்பில் கறைக்கோடு விழும். தண்ணீர் வர்ணத்துக்கென்று விற்கிற நல்ல தாள் 300 ஜிஎஸ்எம். அவ்வளவு வேண்டாம், இருநூறாவது கொடுத்திருக்கலாம். பதிவுக் காசை 350 ஆக்கினாலும் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அடுத்த முறை போகிறவர்கள் கவனிக்கவும்: தாளை மாற்றுகிறார்களா என்று கேளுங்கள், மாற்றாவிட்டால் பிள்ளையிடம் பஸ்ரல் பெட்டியைக் கொடுத்து விடுங்கள்.

தலைப்பு மட்டும் முதல்தரம். "எங்கள் தண்ணீர்". யார் யோசித்தார்களோ தெரியாது, அவருக்குக் கைகொடுக்க வேண்டும். இந்தக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. மிச்சம் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத்தண்ணீரும் அதைத் தோண்டிய கிணறுகளும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் பற்றி ஒரு கதை இருக்கும்.

ஆனால் தலைப்பை வாசித்துப் பத்து நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் ஒரே கிணற்றைக் கீறத் தொடங்கிவிட்டார்கள். துலா என்கிற தண்ணீர் இறைக்கும் மரம், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், பின்னால் மூன்று பனை, இரண்டு பனைக்கு நடுவில் சூரியன். துலா மிதித்து இறைத்ததை என் அப்பா செய்திருக்கிறார், நான் சின்ன வயதில் ஒன்றிரண்டு துலா பார்த்ததோடு சரி. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் சுவிட்சைப் போட்டால் கூரைக்கு மேல் கறுப்புத் தாங்கி நிரம்புகிறது. அப்படியிருக்கத் துலா எங்கிருந்து வந்தது? சித்திர ரியூசனில் இருந்து வந்தது. பொங்கலுக்கு ஒரு படம், தேருக்கு ஒரு படம், சந்தைக்கு ஒரு படம், கிணற்றுக்கு ஒரு படம் என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், தலைப்பைக் கேட்டதும் பொருத்தமானதை இறக்குகிறார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படிக் கீறினால்தான் புள்ளி வரும் என்று நாங்கள்தானே சொல்லி அனுப்புகிறோம்.

இன்னொன்று. பெயரையும் பள்ளிக்கூடத்தையும் தாளின் முன்பக்கம் கீழ் மூலையில் எழுதச் சொன்னார்கள். நடுவர்கள் பள்ளிக்கூடம் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் பரிசு கிடைக்காத பிள்ளையின் தாய்க்கு வாசலில் நின்று கதைக்க ஒரு விசயத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கம் ஒரு இலக்கம், அவ்வளவுதான் வேலை. இது எல்லாம் சேர்த்துத்தான் போட்டிக்குப் பத்துக்கு ஆறு புள்ளி.

இனிக் கண்காட்சி. இதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டி 2023இல் கையளித்த அந்தப் பதினொரு மாடிக் கலாசார நிலையத்தில் வைத்திருக்கலாமே என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே வைத்திருந்தால் உடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் போவார்கள். இங்கே ஊருக்குள் வைத்ததால் மீன் வாங்கப் போன மனிசர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் பையோடு உள்ளே வந்து பார்த்தார். நான் என் கண்ணால் கண்டது, பையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டு போனார்.

பரிசு பெற்ற படங்களை மட்டும் வைக்கவில்லை, வந்த படம் எல்லாவற்றையும் தொங்கவிட்டார்கள். பிரேம் இல்லை. நீளத்துக்குச் சணல் கயிறு, உடுப்புக் காயப்போடுகிற மரக் கவ்வி. செலவு குறைவு, பார்க்க வடிவு, தாளில் ஓட்டையும் இல்லை. அதைவிட முக்கியம் உயரம். கீழ்க்கயிறு என் இடுப்பளவில். பெரியவர்கள் குனிய வேண்டும், பிள்ளைகள் நேராகப் பார்க்கலாம். நான் எத்தனையோ பேனர் கட்டியவன், எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

ஒரே பிழை மேற்குப் பார்த்த சுவர். பின்னேரம் மூன்று மணியில் இருந்து ஐந்தரை வரை வெயில் நேரே படங்களில் அடித்தது. மூன்று நாளில் ஒன்றும் வெளிறாது, ஆனால் மலிவான போஸ்டர் கலரில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும், தெருவில் நிற்கிற பழைய போஸ்டர்களைப் பாருங்கள், நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும். சொன்னேன், அடுத்த நாளே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். சொன்னதைக் கேட்கிற அமைப்பாளர்களை நான் அதிகம் கண்டதில்லை.

படங்கள். துலாக் கிணறுகளைத் தாண்டினால் உள்ளே சாமான் இருந்தது. 11 வயதுப் பெடியன் ஒருவன் மோட்டரைக் கீறியிருந்தான். மழை படாமல் மேலே கவிழ்த்து வைத்த உடைந்த பேசின், பேசினுக்கு மேல் பறக்காமல் ஒரு கல், வீட்டுக்குள் இருந்து வருகிற வயர், நடுவில் கறுப்பு ரேப் சுற்றிய மூட்டு, மேலே நிரம்பி வழிகிற தாங்கி, குசினி யன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கை. கை மட்டும்தான், ஆள் இல்லை. அந்தக் கையைப் பார்த்தாலே "மோட்டரை நிப்பாட்டு" என்று காதில் கேட்கிறது. இதற்கு ஆறுதல் பரிசு கொடுத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

2024இல் தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள் அல்லவா, அதை ஒரு பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டது: கடல், கடலுக்கு நடுவில் ஒரு பைப், பைப்புக்குக் கீழே வாளி. 16 முதல் 20 வயதுப் பிரிவில் முதலாமிடம் நிலாவரைக் கிணறு, கற்கள் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல, கை நல்ல கை. ஆனால் எனக்கு அதற்குக் கீழே இருந்த இரண்டாமிடம்தான் முதலாமிடம். முழுத்தாளும் கறுப்பு. நடுவில் வட்டமாகக் கிணறு, மேலே நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி. தண்ணீரில் வானவில் நிறங்கள் மெல்லிசாகச் சுழித்துக் கிடக்கின்றன. தூர நின்று பார்க்க வடிவாக இருக்கிறதே என்று கிட்டப் போனேன். பிறகுதான் விளங்கியது, அது எண்ணெய். சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2014, 2015 காலத்தில் சனம் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றதே, அந்தக் கிணறு. கீறிய பிள்ளைக்கு அப்போது ஆறேழு வயது இருந்திருக்கும். எட்டிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எட்டிப் பார்த்த பிள்ளை என்று நினைக்கிறேன்.

பரிசளிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு, பொன்னாடை ஐந்து, பிரதம விருந்தினர் வரப் பிந்தியதால் இடையில் ஒரு நடனம். சின்னப் பிள்ளைகள் கதிரையிலேயே நித்திரை.

ஒரு மூலையில் பழைய யாழ்ப்பாணத்து ஓவியர்கள் பற்றி ஒரு பலகை வைத்திருந்தார்கள். எஸ். ஆர். கனகசபை, குருநகர் மாற்கு மாஸ்டர் என்று நாலைந்து பேர். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை, நானும் முதல் நாள் கவனிக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் காலமான மாற்கு மாஸ்டரின் படங்கள் பல 1995 யுத்த இடப்பெயர்வோடு தொலைந்துபோயின. அந்தப் பலகைக்கு நேரே எதிர்ச் சுவரில் போட்டி விதிகள் ஒட்டியிருந்தன, ஏழாவது விதி: "ஓவியங்கள் திருப்பித் தரப்படமாட்டா."

இதைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. செயலாளரிடம் போய், "அண்ணை, கண்காட்சி முடிய இதையெல்லாம் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். வாசிகசாலை அலுமாரிக்கு மேலே கட்டி வைப்போம் என்றார். அலுமாரிக்கு மேலே கரப்பானும் கறையானும் இருக்கும், அடுத்த மாரிக்குக் கூரை ஒழுகும், பிறகு ஒரு சிரமதானத்தில் பழைய பேப்பரோடு போய்விடும். படம் எடுத்து வைத்துக்கொண்டு தாளைப் பிள்ளையிடம் கொடுங்கோ என்றேன். அவரும் நல்ல மனிசர், யோசித்துவிட்டு, கடைசி நாள் ஐந்து மணிக்குப் பிறகு கேட்கிறவர்கள் கையெழுத்து வைத்து எடுக்கலாம் என்று மைக்கில் சொன்னார். அதனால் அடுத்த வருடம் போகிறவர்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தரமாட்டார்கள், கேட்டால் தருகிறார்கள்.

மருமகளின் படம்? பரிசு இல்லை. அவள் கீறியது கேத்தில். எங்கள் அம்மாவின், அவளுக்கு அம்மம்மாவின், பழைய அலுமினியக் கேத்தில், மூடியைத் திறந்து மேலே இருந்து பார்க்கிற மாதிரி. உள்ளே சுற்றிவர வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை, அடியில் கொஞ்சத் தண்ணீர், தண்ணீரில் அவளுடைய மூக்கு. நடுவர் ஒருவர் இது என்ன, சோறா என்று கேட்டாராம். முடிவு சொன்ன அன்று இரவு இடியப்பத்தைத் தொடவில்லை. ஆனால் கண்காட்சி இரண்டாம் நாள், முன்பின் தெரியாத ஒரு அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "உது எங்கட வீட்டுக் கேத்தில் எல்லே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தா. மருமகள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒன்பது இடியப்பம்.

படத்தைக் கையெழுத்து வைத்து எடுத்து, கடையில் கிடந்த எஸ்லோன் பைப் துண்டுக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா விரித்துப் பார்த்தா. கனநேரம் பார்த்தா. "என்ர கேத்திலை ஊருக்கே காட்டிப்போட்டாள்" என்றா. அடுத்த நாள் காலை தேத்தண்ணி கேட்டுக் குசினிக்குள் போனால், கேத்திலுக்குள் நாலு தேசிக்காய் பிழிந்து ஊறவிட்டிருந்தது.