சம்பளமா, பில்லா? ஒரே மேசைக்கு இரண்டு கடதாசிகள்

சித்தப்பாவின் மகள் இரண்டு கடதாசிகளோடு வந்தாள். உப்புவெளியில் ஒரு சுழியோடல் நிலையத்தின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. முன்பதிவுகளைப் பார்ப்பது, வெளிநாட்டவரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, முகநூல் பக்கத்தைக் கவனிப்பது. ஒரு கடதாசியில் மாதச் சம்பளம் 100,000 ரூபாய், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு. மற்றதில் அவள் ஒரு 'சுயாதீன சேவை வழங்குநர்'. மாதம் 115,000 ரூபாய், பிடிப்பு ஒன்றும் இல்லை, மாதக் கடைசியில் அவளே பில் எழுதிக் கொடுக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அண்ணா, பதினைஞ்சாயிரம் கூடத்தானே, இதிலயே கையெழுத்துப் போடட்டா?"

திருகோணமலையில் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள், திமிங்கலம் பார்க்கப் படகு விடுபவர்கள், நகரத்து ரியூஷன் நிலையங்கள் என்று எங்கும் 'கொன்ட்ராக்ட்' என்ற சொல் புழங்குகிறது. அதனால் அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் எழுதுகிறேன்.

கையில் வருவதை மட்டும் பார்த்தால் பில்தான் வெல்லும். 100,000 ரூபாய் சம்பளத்தில் ஈ.பி.எப்.புக்கு ஊழியரின் பங்கு 8 வீதம். அது போக 92,000 ரூபாய்தான் கைக்கு வரும். மற்றப் பக்கம் முழு 115,000. மாதத்துக்கு 23,000 ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆனால் அந்தப் பதினைந்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சம்பளக்காரருக்கு முதலாளி ஈ.பி.எப்.புக்கு 12 வீதமும், ஈ.ரி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 15,000 ரூபாய். பிடித்த 8,000 ரூபாயும் அவள் பெயரில்தான் சேர்கிறது. ஆக, இரண்டு கடதாசியிலும் அவளுக்குச் சேர்வது அதே 115,000 ரூபாய்தான். சட்டப்படி எப்படியும் போட வேண்டிய காசையே மேலதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். அதை விளங்கிக்கொண்டதும் தங்கச்சியின் முகம் மாறியது.

இதற்கு மேல் சம்பளக் கடதாசியில் இருப்பவை பில்லில் இல்லவே இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, முதல் ஆண்டு கழிந்தபின் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமய விடுமுறை (கசுவல் லீவு). இந்த 21 நாளும் சம்பளத்தோடு கிடைப்பவை; பணமாகப் பார்த்தால் முக்கால் மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். பிரசவத்துக்கு 84 வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. அவளுக்குக் கலியாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது, அதனால் இதை இரண்டு தடவை சொன்னேன். ஐந்து வருடம் முடித்து விலகினால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். இன்றைய சம்பளத்திலேயே நின்றாலும் ஐந்து வருடத்துக்கு 250,000 ரூபாய்.

பணிக்கொடையில் ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. அந்தச் சட்டம் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். தொழில் ஆணையாளரின் அனுமதியோ ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ இல்லாமல் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சொல்லும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் அப்படித்தான். நம்மூர்க் கடற்கரையில் ஆறேழு பேரோடு ஓடும் இடங்களே அதிகம். அங்கே சம்பளக்காரருக்கும் இந்த இரண்டும் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஈ.பி.எப்.புக்கு அப்படி எல்லை இல்லை. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். நியாயமில்லாமல் நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போகும் வழியும் சின்ன இடங்களில் வேலை செய்வோருக்கு உண்டு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சில சம்பளக் கடதாசிகளில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்றும் மிகுதி 'ஊக்கப்படி' என்றும் பிரித்திருப்பார்கள். ஈ.பி.எப்.பைச் சின்னத் தொகைக்குக் கட்டினால் போதும் என்ற கணக்கு அது. அப்படிப் பிரித்த கடதாசி என்றால் நான் மேலே போட்ட கணக்கு அப்படியே குலைந்துவிடும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் பாருங்கள். அவளுடைய கடதாசியில் முழுத்தொகையும் அடிப்படையாகவே இருந்தது.

வரிப்பக்கம்

'கொன்ட்ராக்ட் என்றால் வரி இல்லை' என்று எத்தனையோ பேர் நம்புகிறார்கள். அது பிழை. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத தொகை, ஆண்டுக்கு 1,800,000 ரூபாய், மாதத்துக்கு 150,000. சம்பளமாக வந்தாலும் பில்லாக வந்தாலும் அந்த எல்லை ஒன்றுதான். தங்கச்சிக்கு இரண்டு பக்கமும் வருமான வரி பூச்சியம்.

வித்தியாசம் தெரிவது உழைப்பு கூடும்போதுதான். மாதம் 200,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,400,000, நிவாரணம் போக 600,000, முதல் 1,000,000 வரை 6 வீதம் என்பதால் வரி 36,000 ரூபாய். சம்பளக்காரருக்கு முதலாளியே மாதம் 3,000 பிடித்துக் கட்டிவிடுவார். பில் போடுபவர் தானே கட்ட வேண்டும்: ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணை, மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30க்குள், வரி அறிக்கை நவம்பர் 30க்குள். தவணையை மறந்தால் வட்டியும் தண்டமும் ஏறும்.

பில் போடுபவருக்கு ஒரு நன்மையும் உண்டு. உழைப்புக்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். இணையக் கட்டணம், கமரா திருத்தம், படகுக்கு எரிபொருள் என்று பற்றுச்சீட்டோடு 300,000 காட்டினால் அதே ஆளின் வரி 18,000 ஆகக் குறையும். சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. விரிவுரை, கணக்கியல், பொறியியல், மென்பொருள் போன்ற சேவைகளுக்கு மாதக் கொடுப்பனவு 100,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 5 வீதம் நிறுத்திவைத்தல் வரி பிடிப்பார். அது போய்த் தொலைந்த காசல்ல. சான்றிதழை வாங்கி வைத்தால் வருடக் கடைசி வரியில் கழித்துக்கொள்ளலாம். பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

கடதாசியில் எழுதியதால் மட்டும் ஆகாது

எனக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கணக்கு எழுதத் தொடங்கிய காலத்தில் ஓரிடத்தில் நான்கு வருடம் பில் கொடுத்து வேலை செய்தேன். காலை எட்டரைக்கு விரல் அடையாளம் வைக்க வேண்டும். லீவுக்கு முகாமையாளரிடம் கேட்க வேண்டும். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. ஒரு நவம்பர் மாதம், மழை தொடங்கி வெள்ளைக்காரர் வரவு நின்றதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். நானே கையெழுத்துப் போட்ட கடதாசியில் 'ஊழியர் அல்ல' என்று இருந்ததால், ஒன்றும் செய்ய முடியாது என்று நம்பி வீட்டில் இருந்துவிட்டேன்.

அது என் பிழையான நம்பிக்கை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 'வேலையாள்' என்பதற்குத் தரும் பொருள் மிக விரிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்ப்பேச்சாக இருக்கலாம். ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும் அதற்குள் வருவார். ஈ.பி.எப். சட்டத்திலும் தற்காலிகமாக, துண்டு வேலையாக, ஒப்பந்த அடிப்படையில் செய்பவர்கள் வெளியே தள்ளப்படவில்லை. கடதாசியின் தலைப்பை விட நடப்பைத்தான் பார்ப்பார்கள். நேரத்தை யார் தீர்மானிக்கிறார், கருவி யாருடையது, உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாமா, நட்டம் வந்தால் யார் தலையில் விழும், நீங்கள் அந்த இடத்தின் அன்றாட ஓட்டத்தில் ஓர் அங்கமா? என் வேலைக்கு இவற்றைக் கேட்டிருந்தால் எல்லாப் பதிலும் ஒரே பக்கம்தான் நின்றிருக்கும். தொழில் திணைக்களத்துக்குப் போய் முறையிட்டிருக்கலாம். போகவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அதனால் ஏற்கெனவே பில் முறையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முறைநேர அட்டவணை வரும் வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பணம் வந்த வங்கிப் பதிவு, லீவு கேட்டு எழுதியது, எல்லாம் இருக்கட்டும்.

பில் நல்லது யாருக்கு?

இதையெல்லாம் படித்துவிட்டுப் பில் என்றாலே ஏமாற்று என்று எண்ண வேண்டாம். சொந்தக் கமராவோடு இன்று ஒரு ஹோட்டலுக்கு, நாளை ஒரு கலியாணத்துக்கு என்று போகும் படப்பிடிப்பாளருக்குச் சம்பளக் கடதாசி விலங்கு மாதிரி. நான்கு ஹோட்டல்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் புறாத்தீவுக்கு ஓடும் சொந்தப் படகுக்காரரும் அப்படியே. அவர்கள் விலையைத் தாங்களே சொல்கிறார்கள், வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் மாரியில் வருமானம் இல்லாத மாதங்களையும் அந்த விலைக்குள் போட வேண்டும். சமூகப் பாதுகாப்புச் சபையின் சுயதொழிலாளர் ஓய்வூதியத்திலாவது சேர்ந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது ஒரு கூட்டமும் வளர்கிறது: வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் பிள்ளைகள். அந்த வருமானம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே இலங்கைக்கு வந்தால், 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி 15 வீதம். மாதம் 400,000 ரூபாய்க்குச் சமமாக உழைப்பவர் ஆண்டுக்கு 360,000 ரூபாய் வரி கட்டுவார். அதே தொகையை உள்ளூரில் சம்பளமாக வாங்கினால் 600,000. வரியில் பெரிய இலாபம்தான். ஆனால் அந்த வாடிக்கையாளர் ஒரு நாள் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டால் எந்தத் தொழில் நியாயசபை அவரைக் கூப்பிடும்? அந்த இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்காதவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும்.

என் தீர்ப்பு தெளிவானது. ஒரே முதலாளி, அவர் சொல்லும் நேரம், அவருடைய மேசை என்றால் சம்பளக் கடதாசிதான். அங்கே பில்லைத் தேர்வதற்கு, 15,000 அல்ல, அதைப்போல இரு மடங்கு கூடக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன்.

தங்கச்சி சம்பளக் கடதாசியில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாள்: வேலை நேரத்துக்கு வெளியே, அந்தத் தொழிலோடு போட்டியில்லாத வேலைகளைத் தான் செய்யலாம் என்று. இரவில் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள், அதற்குப் பில் எழுதுகிறாள். சம்பளம் ஆண்டுக்கு 1,200,000. வெளியே இன்னும் 600,000 உழைக்கும் வரை வரி வராது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வரி இலக்கத்தையும் அன்றைக்கே பதிந்தோம்.