கோப்புப் பரிமாற்றச் சேவையகத்தில் யாருக்கு எந்தக் கோப்புறை? அச்சகமொன்றின் மூன்றாண்டு அனுபவம்

திருகோணமலை நகரில் நான் பணிபுரியும் சிறிய அச்சகத்துக்குக் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் வடிவமைப்பாளர்கள் முன்னர் தங்கள் வேலைகளைப் பென் டிரைவில் போட்டு, பஸ்ஸில் வருபவர் எவரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். கோப்போடு வைரசும் வந்து சேரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய கணினியொன்றில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, பாதுகாப்பான தொலை இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளுடன் கிடைக்கும் எஸ்எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற வசதியை இயக்கினோம். பழைய பரிமாற்ற முறையான சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படாமல் செல்கிறது. தரவுக்கெனத் தனித் துறைகளையும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாயில்களையும்) ரூட்டரில் திறந்துவிட வேண்டும். எஸ்எஃப்டிபிக்கு 22ஆம் துறை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நிறுவுவதற்கு அரை நாள் கூடத் தேவைப்படவில்லை. கணக்குகளைச் சரியாக வகுக்கத்தான் ஓராண்டு பிடித்தது.

முதலில் அனைவருக்கும் பொதுவாக ஒரே கணக்கைக் கொடுத்தேன். அது சோம்பலால் செய்த தவறு. பாடசாலை மலரொன்றின் திருத்திய பக்கங்களின் மேல் யாரோ பழைய பிரதியை ஏற்றிவிட, 16 பக்கங்களை மீண்டும் அச்சிட நேர்ந்தது. யார் என்ன செய்தார் என்று சேவையகம் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் எல்லா வரிகளிலும் ஒரே பெயர், யாரைக் கேட்பது?

அதன்பின் ஆளுக்கொரு கணக்கை உருவாக்கி, அவற்றை ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவினர் அச்சகக் கோப்புறையை விட்டு வெளியே செல்ல முடியாதவாறு ‘சுரூட்’ அமைப்பால் அடைத்தேன். அன்று மாலை எவராலும் உள்ளே வர முடியவில்லை: கடவுச்சொல் ஏற்கப்பட்டது, மறுகணமே இணைப்பு அறுந்தது. அடைப்பின் உச்சிக் கோப்புறையும் அதற்கு மேலுள்ள பாதை முழுவதும் எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் கணக்குக்கே உரியனவாக இருக்க வேண்டும் என்பதும், அவற்றில் வேறெவருக்கும் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது என்பதும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் கண்டிப்பான விதி. நானோ உச்சியிலேயே குழுவுக்கு எழுத அனுமதித்திருந்தேன். உச்சியைப் பூட்டி, அதனுள்ளே ‘வரவு’, ‘முடிந்தவை’ என்று இரு கோப்புறைகளை அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

‘வரவு’ கோப்புறையை அமைப்பதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமையைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் அனுமதியன்று, அது இருக்கும் கோப்புறையின் எழுதும் அனுமதி. ஆகவே கோப்பை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், கோப்புறையில் எழுதக்கூடியவர் அதை அழித்துவிடலாம். இதைத் தடுக்க ‘ஸ்டிக்கி’ என்னும் குறியை இட்டேன். அதன்பின் ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ, ரூட் கணக்கைத் தவிர, அதை ஏற்றியவராலும் கோப்புறையின் உரிமையாளராலும் மட்டுமே முடியும். எனவே அச்சு இயந்திரத்தைக் கவனிக்கும் அண்ணனின் கணக்கையே ‘வரவு’க்கு உரிமையாளராக்கினேன், வந்த வேலையை எடுத்து ‘முடிந்தவை’க்கு நகர்த்துபவர் அவர்தான். புதிய கோப்புகள் குழுவின் பெயரிலேயே அமையும்படி கோப்புறைக்குக் குழுக் குறியையும் இட்டேன். இரு குறிகளுக்குமாக 3, உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதியாக 7, 7, பிறருக்கு 0 எனச் சேர்ந்து அனுமதி எண் 3770 ஆயிற்று. புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் எஸ்எஃப்டிபியின் உமாஸ்க்கை 0027 என வைத்ததால், ஏற்றியவர் மட்டும் மாற்றவும் குழுவினர் படிக்கவும் கூடியவையாகக் கோப்புகள் சேர்கின்றன. பாடசாலை மலருக்கு நேர்ந்தது அதன்பின் எங்களுக்கு மீண்டும் நேரவில்லை.

‘முடிந்தவை’யை வடிவமைப்பாளர்கள் படிக்க மட்டுமே விட்டிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

ஒருவர் வேலையை விட்டு விலகும்போதுதான் பொறி இருக்கிறது. அப்படி விலகிய ஒருவரின் கடவுச்சொல்லை, கணக்கின் அமைப்புகளை மாற்றும் ‘யூசர்மொட்’ கட்டளையால் பூட்டி நிம்மதியாக இருந்தேன்; இரு வாரங்களின் பின் அவருடைய கணக்கு பதிவேட்டில் தென்பட்டது. அவர் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோல் கோப்பின் மூலம் நுழைபவர் என்பதை மறந்துவிட்டேன். எங்கள் அமைப்பில் கடவுச்சொல்லைப் பூட்டுவது திறவுகோலைத் தடுக்காது. அவருடைய மடிக்கணினியிலிருந்த மென்பொருள் தானாகவே இணைந்திருந்தது, கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இப்போது கணக்கையே காலாவதியாக்கி, திறவுகோலையும் நீக்குகிறேன். இந்த மாற்றங்கள் புதிதாக இணையும்போதே நடைமுறைக்கு வருவதால், திறந்திருக்கும் இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

தீராத குறையொன்று கோப்புப் பெயர்களில் உள்ளது. தமிழ்ப் பெயர்கள் யூனிகோடில் சிதையாமல் வருகின்றன. ஆனால் டெபியனின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம், தமிழ்க் குறியொன்றுக்கோ மூன்று பைட்டுகள் செலவாகின்றன. இரு குறிகள் சேர்ந்த ‘கி’ என்பதற்கே ஆறு. மணமக்கள், பெற்றோர், மண்டபம், திகதி என்று அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் கிண்ணியா வடிவமைப்பாளரின் கலியாண அழைப்பிதழ்கள் இன்றும் சிலவேளை ஏற மறுக்கின்றன. தொலைபேசியில் அழைத்து, மண்டபத்தின் பெயரை மட்டுமாவது விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.